300 கிலோ கறியும் இரண்டு முதுகுகளும்: அலாஸ்காவில் வழிகாட்டி இல்லாத மூஸ் வேட்டை – ஒரு நிகழ்வு ஆய்வு

மூஸ் என்ற மிகப் பெரிய மானின விலங்கின் வேட்டைக்கு முதல்முறை போகிறவர்களின் கவலையெல்லாம் விலங்கு கண்ணில் படுமா என்பதுதான். ஆனால் பயணங்கள் கெடுவது பெரும்பாலும் சுட்ட பிறகு. அலாஸ்காவின் முழு வளர்ந்த ஆண் மூஸ் 550 முதல் 725 கிலோ வரை இருக்கும். 725 கிலோ விலங்கின் குடலையும் தோலையும் நீக்கினால் சுமார் 430 கிலோ. எலும்பையும் எடுத்துவிட்டால் 225 கிலோ கறி. இது மாநில மீன்–வேட்டைத் துறை நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. எலும்போடும் கொம்போடும் காட்டைவிட்டு வெளியே கொண்டுவர வேண்டியது 300 கிலோவைத் தாண்டும். பயணத்தின் ஒவ்வொரு முடிவையும் இந்த 300 கிலோவிலிருந்து பின்னோக்கி எடுக்க வேண்டும்.

இங்கே வரும் இரண்டு பேர் எந்தக் குறிப்பிட்ட குடும்பமும் அல்ல. ஒவ்வொரு செப்டம்பரும் மேற்கு அலாஸ்காவின் உட்பகுதிக்குக் கிளம்பும் உறவுக்கார ஜோடிகளின் வார்ப்பு, அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு 58 வயது. ஆங்கரேஜில் குடியிருப்பவர், முழங்காலில் பழைய வலி. அண்ணன் மகனுக்கு 31. மினசோட்டாவில் வேலை, மான் வேட்டை பழக்கம், மூஸ் புதிது. திட்டம் 10 நாள். மிதவை விமானம் ஆற்றின் மேற்பகுதியில் இறக்கிவிடும். 16 அடி காற்றடைத்த படகில் 70 கிலோமீட்டர் மிதந்து இறங்க வேண்டும். கீழே ஒரு நேரான ஆழப் பகுதியில் விமானம் மறுபடி ஏற்றிக்கொள்ளும். எந்த ஆறு என்று கேட்காதீர்கள். நல்ல ஆற்றின் பெயரை எந்த வேட்டைக்காரரும் வெளியே சொன்னதில்லை.

ஒரே கரை, இரண்டு சட்டம்

அலாஸ்காவில் பழுப்புக் கரடி, டால் ஆடு, மலையாடு மூன்றுக்கும் வெளிமாநிலத்தார் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, அல்லது அங்கேயே குடியிருக்கும் நெருங்கிய உறவினரோடு போக வேண்டும். மூஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் இந்தச் சலுகை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குத்தான். அமெரிக்காவில் குடியிருக்காத வெளிநாட்டுக் குடிமக்களுக்கு மூஸ் உட்பட எல்லாப் பெரிய வேட்டை விலங்குக்கும் வழிகாட்டி கட்டாயம். சென்னையிலிருந்து வரும் மைத்துனரைக் கூட்டிப்போகலாம், அவர் கையில் துப்பாக்கி கொடுக்க முடியாது.

சித்தப்பாவுக்கு 45 டாலர் உள்ளூர் உரிமமும் சுட்டதைக் கணக்கில் காட்டும் இலவச அறுவடைச் சீட்டும் போதும். மகனுக்கு உரிமம் 160 டாலர், சுட்ட விலங்கில் பூட்டி மாட்டும் மூஸ் பூட்டுச்சீட்டு 800 டாலர். கட்டணத்தைவிடக் கொம்பு விதியில் இருக்கும் வித்தியாசம்தான் பெரிது. மாநிலம் பிரித்துவைத்திருக்கும் வேட்டை அலகுகள் பலவற்றில் உள்ளூர்க்காரர் கொம்புள்ள எந்த ஆணையும் சுடலாம். வெளிமாநிலத்தாருக்கு 50 அங்குலக் கொம்பு அகலம் வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கமாவது, முகத்துக்கு மேலே முன்பக்கம் நீளும் நெற்றிக் கிளைகள் 3 அல்லது 4. மூன்றா நான்கா என்பது அலகைப் பொறுத்தது. ஆக, ஒரே விலங்கு சித்தப்பாவுக்குச் சட்டப்படி சரி, மகனுக்குக் குற்றம்.

'அவன் சீட்டுக்கு நான் சுட்டால் என்ன' என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. முடியாது. சீட்டு யாருடையதோ அவர்தான் சுட வேண்டும். பிறருக்காகச் சுடும் பதிலாள் ஏற்பாடு ஒன்று உண்டு. அது முதியோர், பார்வையற்றோர், கடுமையான உடற்குறை உள்ளோர் என்று வரையறுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்.

உறவுக்காரர்கள் சேர்ந்து போகும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. நண்பனிடம் 'வேண்டாம், சுடாதே' என்று சட்டென்று சொல்லிவிடலாம். சித்தப்பாவிடம் சொல்ல வாய் வராது. சித்தப்பாவும் தன் முழங்கால் வலியைப் பையன் முன்னால் காட்டமாட்டார். அதனால் சில விஷயங்களைக் கிளம்புவதற்கு முன்பே எழுதி வைப்பது நல்லது. முதல் நான்கு நாள் மகனுக்கு மட்டும். ஐந்தாம் நாளிலிருந்து இருவரில் யாருக்கு வாய்க்கிறதோ அவருக்கு. படகு நிற்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதையும் சுடுவதில்லை. முதல் விலங்கின் கறி முழுதும் முகாமில் தொங்கும்வரை இரண்டாவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. யார் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். காரணம் கேட்கக் கூடாது.

நிலம் யாருடையது என்பதையும் வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும். பூர்வகுடி நிறுவனங்களின் நிலம் தனியார் நிலம். அனுமதியில்லாமல் அங்கே முகாமிடக் கூடாது. படகு செல்லத்தக்க ஆறுகளில் சாதாரண உயர்நீர்க் கோட்டுக்குக் கீழே இருக்கும் கூழாங்கல் திட்டு பெரும்பாலும் மாநிலத்துக்குச் சொந்தம். ஆறு யாருடையது, கரை யாருடையது என்ற இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 2007-இல் ஜான் ஸ்டர்ஜன் என்ற மூஸ் வேட்டைக்காரர் நேஷன் ஆற்றில் காற்று மெத்தைமேல் ஓடும் ஹோவர்கிராஃப்டில் போனபோது தேசியப் பூங்காக் காவலர்கள் தடுத்தார்கள். வழக்கு இரண்டு முறை உச்ச நீதிமன்றம் ஏறி, 2019-இல் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ந்தது. கூட்டாட்சி நிலங்களில் சில பகுதிகள் உள்ளூர்க் கிராமத்தார் அல்லாதவர்களுக்கு மூடப்பட்டிருக்கும். அதை அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் பார்க்க வேண்டும்.

எடை

மிதவை பொருத்திய பீவர் என்ற சிறு விமானம் எரிபொருள், பைலட் போக ஏறக்குறைய 450 கிலோ தூக்கும். இரண்டு பேர் 170 கிலோ. படகு, துடுப்புச் சட்டம், கூடாரம், துப்பாக்கிகள், சாப்பாடு எல்லாம் சேர்ந்து 230 கிலோவுக்குள் அடங்கினால் ஒரே பறப்பில் போய்விடலாம். திரும்பும்போது மூஸுக்கு என்று தனிப் பறப்பு வேண்டும். இரண்டு மூஸ் என்றால் இரண்டு. இந்தச் செலவை முன்பணம் கொடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்காதவர்கள் கடைசி நாளில் ஆற்றங்கரையில் நின்று பேரம் பேச வேண்டியிருக்கும். ஏற்றி இறக்குகிறவர் போக்குவரத்து உரிமம் மட்டும் வைத்திருப்பவர் என்றால், காட்டுக்குள் வேட்டைக்கு உதவ அவருக்குச் சட்டத்தில் இடமில்லை.

கூடாரம், அடுப்பு, உடுப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. பருத்தி வேண்டாம். காற்றைத் தாங்கும் கூடாரம், 10 நாள் பயணத்துக்கு 13 நாள் சாப்பாடு, செயற்கைக்கோள் செய்திக் கருவி, அதற்கு மாற்று மின்கலம். சாதாரணமாக மறந்துபோகும் சாமான்கள் வேறு: 3 × 4 மீட்டர் தார்ப்பாய் இரண்டு, 50 மீட்டர் கயிறு, நான்கு மடங்கு இழுக்கும் கப்பித் தொகுதி, கனமான துணிக் கறிப்பைகள் 10, சிட்ரிக் அமிலத் தூள் அரைக் கிலோ, சின்ன மின்வேலி ஒரு தொகுதி, வெட்டுக்காயத்துக்கு இறுக்குப்பட்டி இரண்டு. கடைசியாகச் சொன்னதை மருந்துப்பையின் அடியில் புதைக்காமல் ஆளுக்கு ஒன்று இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேட்டையில் கரடிக் கடியைவிடச் சொந்தக் கத்தி கிழித்த கைகள்தான் அதிகம். மாற்று அலகு போடும் மெல்லிய கத்திகள் தோலுரிக்க அருமையானவை. ஆனால் மூட்டுக்குள் திருகினால் அலகு ஒடிந்து கறிக்குள்ளேயே தங்கிவிடும். மூட்டுக்குத் தடித்த கத்தி வேறு வேண்டும்.

முதல் ஐந்து நாள்

பறந்து வந்த அன்று சுடக் கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணி கடந்த பிறகுதான். அந்த மாலையைப் படகு கட்டவும், துப்பாக்கியின் குறி பயணத்தில் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஆண்கள் கொம்பின் மென்தோலை உரித்து முடித்திருக்கும், ஆனால் இலை உதிராத வில்லோ புதருக்குள் ஒதுங்கிக் கிடக்கும். மாத நடுவைத் தாண்டினால் இணைசேரும் பருவத்தின் சூடு ஏறி, அழைப்புக்கு வரத் தொடங்கும். பெண்மூஸின் நீண்ட முனகலைக் கையைக் குவித்து ஓசையிடலாம். ஆணின் கொம்புரசலுக்குக் காய்ந்த தோள்பட்டை எலும்பு நல்லது. வெட்டிய பிளாஸ்டிக் எண்ணெய்ப் புட்டியால் வில்லோ கிளையைத் தேய்த்தாலும் அதே சத்தம். பொறுமையில்லாதவர்கள் ஏமாறுவது இங்கேதான். அழைத்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு இடம் மாறுவார்கள். விலங்கு மறுநாள் காலை அதே இடத்துக்கு வந்து நிற்கும். நல்ல இடம் என்றால் இரண்டு இரவாவது தங்க வேண்டும். 70 கிலோமீட்டரைத் தினம் ஏழெட்டு என்று சமமாகப் பிரிப்பதைவிட, ஓட வேண்டிய நாளில் 20 ஓடி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது மேல்.

நான்காம் நாள் 200 மீட்டரில் ஓர் ஆண் பக்கவாட்டில் நிற்கிறது. இப்போது பார்க்க வேண்டியது கொம்பு மட்டும். 50 அங்குலம் என்பது 127 சென்டிமீட்டர். மண்டையின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக, நேர்கோட்டில், அதிக அகலமான இடத்தில். முகத்தின் அகலம் ஏறக்குறைய 10 அங்குலம் என்று வைத்து, விலங்கு நேராகப் பார்க்கும்போது ஒவ்வொரு பக்கமும் இரண்டு முக அகலம் கொம்பு வெளியே நீள்கிறதா என்று மதிப்பிடுவார்கள். பக்கவாட்டிலிருந்து அகலத்தைக் கணிக்கவே முடியாது. நெற்றிக் கிளைகளைத்தான் எண்ணலாம். அதிலும் ஒரு சூட்சுமம். முகத்துக்கு மேலே முன்பக்கம் நீளும் கிளைகளுக்கும் பின்னால் விரியும் பெரிய தட்டுக்கும் நடுவே அகலமான வளைவு ஒன்று இருக்கும். அந்த வளைவுக்கு முன்னால் இருப்பவை மட்டுமே நெற்றிக் கிளை. ஓர் அங்குலமாவது நீளம் வேண்டும். அகலத்தைவிட நீளம் கூடுதலாக இருக்க வேண்டும். தட்டின் விளிம்பு முனையையும் சேர்த்து எண்ணி 'நாலு' என்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

நம் ஜோடிக்கு மூன்று தெளிவாகத் தெரிந்தது, அந்த அலகில் நான்கு வேண்டும். மகன் சுடவில்லை. சித்தப்பா சுட்டிருக்கலாம்; எழுதி வைத்த நான்கு நாள் முடியவில்லை. இது சரியான முடிவு. தப்பிச் சுட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: கறி முழுவதையும் காப்பாற்றி, தானே போய்ச் சொல்வது. தானே சொன்னவரையும் பிடிபட்டவரையும் அதிகாரிகள் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

ஆறாம் நாள் மாலை

மாலை 7 மணி. கரையிலிருந்து 400 மீட்டர் தள்ளி, 50 அங்குலத்தைத் தாராளமாகத் தாண்டும் ஆண். ஒன்பதுக்குள் இருட்டிவிடும்.

.30-06 ரகத் துப்பாக்கியும் 180 கிரெய்ன் எடையுள்ள நல்ல தோட்டாவும் மூஸுக்குப் போதும்; இன்னும் கனமான .338 ரகம் வைத்திருப்பவர் அதன் உதையைப் பயமில்லாமல் தாங்கினால் அதுவும் சரி. இரண்டு நுரையீரலையும் துளைத்த தோட்டாவை வாங்கிக்கொண்டு மூஸ் அசையாமல் ஒரு நிமிடம் நிற்கும். படவில்லையோ என்று தோன்றும். அது நிற்கிறவரை சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் விழும், நடந்தால் பெரும்பாலும் தண்ணீரை நோக்கித்தான் நடக்கும். இடுப்பளவு குளிர்நீரில் விழுந்த 600 கிலோ விலங்கை இரண்டு பேர் கரைக்கு இழுக்க முடியாது. உள்ளேயே நின்று வெட்ட வேண்டும். தண்ணீருக்கு 30 மீட்டருக்குள் நிற்கும் விலங்கைச் சுடாமல் காத்திருப்பது அதனால்தான்.

மகன் சுட்டு விலங்கு விழுந்ததும் முதல் வேலை பூட்டுச்சீட்டு. அப்புறம் தோல். இரவு உறைநிலைக்குப் போகிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் கறியைக் கொல்லும். மூஸின் தோலும் மயிரும் சூட்டை வெளியே விடாது. வெளியே பனி கட்டினாலும் இடுப்பெலும்பு மூட்டைச் சுற்றி உடல் சூடு அப்படியே நிற்கும். எலும்பை ஒட்டிக் கறி புளித்து நாறத் தொடங்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூட்டைத் திறந்தால்தான் வாடை.

வயிற்றைத் திறக்காமல் தொடங்குவது இரண்டு பேருக்குச் சுலபம். விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தி மேல்காலைக் கயிறால் மரத்துக்கு இழுத்துக் கட்ட வேண்டும். முதுகுக்கோட்டில் கீறி வயிற்றுப் பக்கம் தோலை உரித்தால் அதுவே விரிப்பு. முன்னந்தொடையில் மூட்டு எலும்பில் சேராது, கத்தி தானாக ஓடும். பின்னந்தொடைக்கு இடுப்புக் குழியைத் தேடி வெட்ட வேண்டும். பிறகு முதுகுக்கறி, கழுத்து, நெஞ்சுக்கறி. கப்பியால் புரட்டி மறுபக்கமும் அதே. கடைசியாக விலாவும் உள்முதுகுக்கறியும். விலாவை விட்டுவர முடியாது என்பதால் வயிற்றை எப்படியும் திறந்தாக வேண்டும். ஒரு பின்னந்தொடையில் ஆணுறுப்பின் பகுதி ஒட்டியபடியே இருக்கட்டும், அதுதான் பால் அடையாளம். கொம்பை மட்டும் நம்பி இதை வெட்டிவிடக் கூடாது. பழகாத இரண்டு பேருக்கு மொத்தம் ஐந்தாறு மணி நேரம். தலைவிளக்கில் முடிக்கும்போது நள்ளிரவைத் தாண்டியிருக்கும்.

சுமை இப்படி: பின்னந்தொடை ஒவ்வொன்றும் 50–60 கிலோ, முன்னந்தொடை 35–45, இரண்டு விலாவும் சேர்ந்து 40, கழுத்தும் மற்றக் கறியும் இரண்டு மூட்டை, தலைக்கொம்பு 25–30. மொத்தம் எட்டு நடை. எலும்பை நீக்கிப் பின்னந்தொடையை இரண்டாக்கலாமே என்றால், பல அலகுகளில் தொடைகளும் விலாவும் எலும்போடுதான் காட்டைவிட்டு வர வேண்டும். எலும்போடு இருக்கும் கறி சேற்றில் குறைவாக அழுக்காகும், குறைவாக வீணாகும், விதி அதற்காகத்தான். கொம்பு கடைசி நடையில்தான் கிளம்பலாம், கறிக்கு முன்னால் அல்ல.

400 மீட்டர் என்பதால் இருவரும் நான்கு நான்கு நடையாக நண்பகலுக்குள் முடித்தார்கள். பின்னந்தொடை இரண்டும் மகன் முதுகில், விலாவும் மூட்டைகளும் சித்தப்பா முதுகில். இதே விலங்கு 3 கிலோமீட்டர் தள்ளி விழுந்திருந்தால் ஆளுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் நடை. அதில் பாதி சுமையோடு, முழங்கால் உயரப் புல்மேடுகளுக்கு நடுவே கால் புதையும் ஈரத்தில். அது ஒரு நாள் வேலை அல்ல. அதற்குள் கரடி வந்துவிடும்.

கரடிக்காகச் செய்ய வேண்டியது: கறியைக் குடல் குவியலிலிருந்து உடனே 100 மீட்டராவது நகர்த்தி, தூரத்திலிருந்தே கண்ணில் படும் வெட்டவெளியில் வைப்பது. திரும்பி வரும்போது காற்றை முதுகில் வாங்கி, சத்தம் போட்டுக்கொண்டு, தொலைநோக்கியால் பார்த்த பிறகு கிட்டப் போவது. கரடி குவியலைப் பிடித்துவிட்டால் அது கரடியுடையது. கறியைக் காப்பாற்றினேன் என்று கரடியைச் சுட்டால், அந்தக் கறிதான் உயிர் பிழைக்க வழி என்ற நிலை இல்லாதவரை, சட்டம் ஏற்காது.

கறி கெடாமல் நின்ற விதம்

பகலில் 13 டிகிரி, இடையிடையே மழை. கறிக்கு எதிரிகள் சூடு, ஈரம், அழுக்கு. தொங்கவிட மரம் இல்லாத திட்டில் முக்காலிக் கட்டைகளில் கிடைக்கம்பு கட்டினார்கள். மேலே தார்ப்பாயை ஓட்டுக்கூரை மாதிரி சரித்து, பக்கங்களைத் திறந்து விட்டார்கள். துண்டுக்குத் துண்டு கை நுழையும் இடைவெளி. காற்றுப் பட்டதும் மேற்புறம் காய்ந்து ஒரு பொருக்கு படியும். அது படிந்துவிட்டால் ஈ முட்டை வைக்காது, ஈரமும் உள்ளே போகாது. லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து தெளித்தால் பொருக்கு சீக்கிரம் வரும். மழையில் நனைந்த துணிப்பையை மாற்றிக் காயவைக்க வேண்டும், பத்துப் பை அதற்குத்தான். பிளாஸ்டிக் பைக்குள் கறியைக் கட்டுகிறவர்கள் அதை அவித்துக் கெடுக்கிறார்கள்.

படகில் ஏற்றிய இரண்டு நாள்தான் ஆபத்து. அடித்தளத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். தடித்த கிளைகளை அடுக்கி, அதன்மேல் கறியை வைத்து, தார்ப்பாயை ஒட்டாமல் போர்த்த வேண்டும். இந்தப் பாரத்தோடு படகு உடனே திரும்பாது. கரையிலிருந்து தண்ணீர்மேல் சாய்ந்த மரங்களை இரண்டு வளைவுக்கு முன்பே பார்த்து உள்வளைவுப் பக்கம் ஒதுங்க வேண்டும். படகை மரத்தில் குறுக்காக மாட்டிக்கொண்டவர்கள் கறியை மட்டும் இழந்திருந்தால் அதிர்ஷ்டசாலிகள். மார்பு உயர நீர்க்காலுறைக்கு இடுப்புவார், அதன்மேல் மிதவைச் சட்டை. இரண்டும் எப்போதும் உடம்பில்.

இரண்டாவது மூஸ்? எட்டாம் நாள் சித்தப்பாவுக்குக் கரையிலேயே ஒன்று நின்றது. படகில் இருவர், சாமான், முதல் மூஸ் சேர்ந்து ஏற்கனவே 700 கிலோ. ஆற்றில் தண்ணீர் குறைவு, திட்டுகளில் இழுத்துத்தான் வந்தார்கள். உற்பத்தியாளர் அச்சிட்ட கொள்ளளவு ஏரிக்குப் பொருந்தும், முழங்கால் ஆழ ஆற்றுக்கு அல்ல. விட்டுவிட்டார்கள். சுட்டுவிட்டுக் கறியைக் கெடவிட்டால் அது வெறும் வெட்கக்கேடு மட்டுமல்ல: உண்ணத்தகுந்த கறியை வீணாக்குவதற்கு அலாஸ்காவில் குறைந்தபட்சத் தண்டனையே தொடர்ந்து 7 நாள் சிறையும் 2,500 டாலர் அபராதமும்.

பத்தாம் நாள் மேகம் தரைதொட்டு நின்றது, விமானம் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்தது. மீதியிருந்த சாப்பாடு ஒரு நாளைக்குத்தான். கறி தாங்கியது, ஒரு விலாவின் ஓரத்தில் கறுத்த விளிம்பைச் சீவியதோடு சரி.

ஊர் திரும்பிய பின்

225 கிலோ கறியை மினசோட்டாவுக்கு விமானச் சரக்காக அனுப்பினால் கிலோ விலை இறைச்சிக்கடையை மிஞ்சும். பாதியைச் சித்தப்பா வைத்துக்கொள்வதும், ஒரு பங்கை விமானம் இறங்கும் ஊரிலேயே கொடுப்பதும் வழக்கம். தலையை அங்கே மதிப்பவர்கள் உண்டு. மூஸ் தலை சூப் அத்தபாஸ்கன் பூர்வகுடி வீடுகளில் விருந்துச் சாப்பாடு. கொடுப்பதாயிருந்தால் நல்ல கறியைக் கொடுக்க வேண்டும். ஐந்து நாள் நனைந்ததைத் தள்ளிவிடும் ஆட்களால் அந்த ஊர்களில் வெளியாட்களின் பெயர் கெட்டிருக்கிறது. யாருக்குக் கொடுத்தாலும் கைமாற்றுப் படிவத்தை நிரப்பி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

கொம்பைக் கொண்டுபோகும் முன் மண்டையோட்டைச் சுத்தமாகச் சுரண்டிவிடுவது நல்லது. மானினங்களைத் தாக்கும் மூளைநோய்க்குப் பயந்து, மூளையோ முதுகுத்தண்டோ ஒட்டிய பாகங்களைப் பல மாநிலங்கள் உள்ளே விடுவதில்லை. அறுவடை அறிக்கையைச் சுட்ட 15 நாளுக்குள் மகனும், ஒன்றும் சுடாத சித்தப்பா பருவம் முடிந்த 15 நாளுக்குள்ளும் அனுப்ப வேண்டும். ஊர் விமான நிலையத்தில் சரக்குக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே இருவரும் கைபேசியில் நிரப்பிவிடலாம்.